பஸ் ஸ்டாப்பில் ஒரு வார்த்தை

"மகளிர் நல முகாம்னு போட்டாப் போதாதா? மார்பகப் புற்றுநோய்னு கொட்டை எழுத்துல எதுக்கு?"

சாக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் மருதுபாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது.

"நோய்க்குப் பேரு அதுதானே மாமா," என்றாள் ரேணுகா. காரைக்குடியில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள். அலைந்து திரிந்து அந்த முகாமை ஊருக்குக் கொண்டுவந்தவள்.

"பொம்பளைப் பிள்ளைக வந்து போற இடம் ஆத்தா. அசிங்கமா இருக்கு."

"உங்க மக வயசுக்கு வந்ததை இதே இடத்துல ஆளுயர ஃப்ளெக்ஸ் வச்சு ஊருக்கே சொன்னீக. அது அசிங்கமில்லையா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். மருதுபாண்டி வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சித்தி ராக்காயி போன வருஷம்தான் செத்துப்போனாள். வலிக்காத கட்டிதானே என்று சேலைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தாள். நாளைக் காலையில் முகாம். இன்னும் ஒரு பெண்கூடப் பேர் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஃப்ளெக்ஸைக் காணோம்.

"மருதுபாண்டி சம்சாரம்தான் அவுத்துச் சுருட்டிக்கிட்டுப் போச்சு," என்றார் டீக்கடைக்காரர். "புருஷன் மானத்தைக் காப்பாத்திருச்சு."

ரேணுகா விறுவிறுவென்று நடந்தாள். மருதுபாண்டியின் சம்சாரம் பொன்னுத்தாயி அத்தை முளைப்பாரி வீட்டு வாசலிலேயே நின்றாள். அம்மனுக்கு முளைப்பாரி வளர்க்கிற, திருவிழா முடியும்வரை ஆண்கள் கால்வைக்கக் கூடாத வீடு. தினமும் பெண்கள் கும்மியடிக்கக் கூடுகிற நேரம் அது.

"சித்தி செத்தப்ப மாரடிச்சு அழுதீகளே அத்தை, அது சும்மாவா? அவுகளைக் கொன்ன நோயோட பேரை ஊரு பாக்கக்கூட விட மாட்டீகளா?"

"பேசி முடிச்சிட்டியா? டீக்கடை ஆம்பளைக பாக்கப் பாக்க எவடி அதை நின்னு வாசிப்பா? உள்ள வா."

உள்ளே, முளைப்பாரிச் சட்டிகளுக்கு மேலே, சுவரில் ஃப்ளெக்ஸ். அதிலிருந்த சுயபரிசோதனைப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் ஒரு கையைத் தூக்கி, மறு கையால் தங்கள் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருப்பம்மாளின் கை மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"இது வலிக்கலையே ரேணுகா."

"வலிக்காததைத்தான் மொதல்ல காட்டணும் அக்கா. இப்பக் காட்டினா காப்பாத்திரலாம்."

வெளியே மருதுபாண்டியின் குரல் கேட்டது. "என்ன, இன்னிக்குக் கும்மிச் சத்தத்தையே காணோம்?"

பொன்னுத்தாயி ஜன்னலைத் திறந்து, டீக்கடைவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மார்பகப் புற்றுநோய்னு வாசிச்சுக்கிட்டு இருக்கோம். காலையில அத்தனை பேரும் முகாமுக்குப் போறோம். நீங்க வீட்டுல உலையை வைங்க."