எண்பத்து நாலாவது பத்து காசு

மாமனார், மருமக, பூட்டின பீரோ. இந்த மூணையும் சொன்னதுமே நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டீங்க பாருங்க! நகை, சொத்து, அடிதடி... அதானே எதிர்பார்க்கிறீங்க?

ஏமாந்தீங்க. பீரோக்குள்ள இருந்தது பத்து காசு. எண்பத்து மூணு பத்து காசு.

மாமனார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பத்து காசு நாணயம் மொத்தம் இருபத்தெட்டு வருஷம் அடிச்சாங்க, மூணு ஆலையில. எந்த ஆலைன்னு வருஷத்துக்குக் கீழ பொடியா ஒரு குறி இருக்கும். ஒண்ணுக்குப் புள்ளி, ஒண்ணுக்கு நட்சத்திரம், இன்னொண்ணு மொட்டை. ஆக எண்பத்து நாலு. அவரு ஆல்பத்துல ஒரே ஒரு குழிதான் காலி. கடைசி வருஷத்து நட்சத்திரம்.

ஒவ்வொண்ணையும் ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்குவார், பிறந்த குழந்தை மாதிரி.

"கல்யாணமாகி முப்பது வருஷம். என் கையை இவ்வளவு பதமா ஒரு நாளாவது பிடிச்சிருப்பாரா, கேளு!" இது மாமியார், மூக்கால.

'பூதம்'னு அவருக்குப் பேரு வச்சதும் அவங்கதான். புதையலைக் காக்குதாம்.

மருமக வந்து மூணு மாசம். புருஷனுக்கு வெளியூர்ல வேலை, சனிக்கிழமைதான் வருவான். யாரு என்ன சொல்லிடுவாங்களோன்னு டம்ளரைக்கூடச் சத்தமில்லாம வைக்கிற பொண்ணு.

பூதத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரி. பீரோ சாவி வீட்டு ஆணியில. திரும்பி வந்து பீரோவைத் திறந்தா, எண்பத்து மூணும் தகதகன்னு மின்னுது!

"நான்தான் மாமா. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். பாவம், எல்லாம் கரிச்சட்டி மாதிரி கிடந்துச்சு. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு..."

பொண்ணுக்கு விரல் நுனியெல்லாம் புண்ணு.

மாமனார் உட்கார்ந்தார். தண்ணி கேட்டார். குடிச்சார். இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடிச்சார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா"ன்னார். பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்புல செருகிக்கிட்டார்.

அதோட சரி. ஞாயித்துக்கிழமை நாணயச் சங்கத்துக்குப் போறது நின்னுச்சு. ஆல்பம் வெளியவே வரல.

"நான் தொட்டுட்டேன்னு மாமாவுக்குக் கோபம் அத்தை. வாயால நல்லா இருக்குன்னுட்டு பூட்டிட்டுப் போயிட்டாரே..."

"அது பூதம்டி. யாரைத் தொட விட்டிருக்கு?"

நீங்களும் அதானே நினைக்கிறீங்க? தலையாட்டினதைப் பார்த்தேன்.

ரெண்டு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் மத்தியானம் மாமியார் சமையலறைக்குள்ள போனா, கையில எலுமிச்சம்பழமும் உப்பு டப்பாவுமா பூதம் திருதிருன்னு முழிக்குது.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"பித்தம்... தலை சுத்துது."

நாலாம் நாள் சங்கத்துச் செயலாளர் வந்து நின்னார். பல் டாக்டர். அவர் ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேக்கும்.

"என்னண்ணே இது? கடைசி நட்சத்திரத்தைத் தேடிப் பிடிச்சு உங்க கடையில வந்து கொடுத்தேன், அப்புறம் பேச்சையே காணோம்! எண்பத்து நாலும் முழுசா வச்சிருக்கிற ஒரே ஆளு நீங்கதான். அடுத்த மாசம் கண்காட்சி. எடுங்க ஆல்பத்தை!"

மருமக முகம் சுருங்கிப்போச்சு. கடைசி காசு கிடைச்சதை வீட்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல மனுஷன்!

"இல்லம்மா... சனிக்கிழமை உன் புருஷன் வந்ததும், உங்க ரெண்டு பேருக்கும்தான் முதல்ல காட்டணும்னு..." மாமனார் முணுமுணுத்தார். யாரு நம்புவா?

"அண்ணே, ஆல்பம்!"

"சாவி எங்கயோ..."

"இடுப்புல இருக்கு"ன்னாங்க மாமியார்.

ஆல்பம் வந்துச்சு. டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தார். போட்டுக்கிட்டுப் பார்த்தார்.

"ஐயய்யோ! எவன் தேய்ச்சான் இதை? பழைய காசுக்கு அந்தக் கறுப்புதானே உயிரு! தேய்ச்சா செத்துடும்னு சங்கத்துக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுக்கிறது நீங்கதானேண்ணே! இனிமே இதைக் கண்காட்சி வாசல்ல கூட வைக்க விடமாட்டாங்களே!"

மருமக தன் விரல் நுனியைப் பார்த்துக்கிட்டா.

"நான்தான் தேய்ச்சேன்"னார் மாமனார், பட்டுன்னு. "பளபளன்னு இருந்தா எனக்குப் பிடிக்கும்."

"இல்ல சார்... நான்தான்." மருமக ஓரடி முன்னால வந்தா. "எண்பத்து மூணும் நான்தான். மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"எண்பத்து மூணா? அப்போ இது?" டாக்டர் கடைசிக் குழியில இருந்த நட்சத்திரத்தை எடுத்தார். அதுவும் சும்மா தகதகன்னு மின்னுச்சு. "நான் கொடுத்தப்போ கரிக்கட்டையாட்டம் இருந்துச்சேம்மா! இதையுமா தேய்ச்சே?"

"அதை நான் பார்த்ததே இல்ல சார்."

எல்லாரும் மாமனாரைப் பார்த்தாங்க. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மாமியாருக்குத்தான் வாய் நிக்கல.

"அடக் கடவுளே! இது ஒண்ணு மட்டும் கறுப்பா இருந்தா, ஏன் மாமா இதைத் தேய்க்கலன்னு புள்ள கேட்டுடுவாளேன்னு... பித்தத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு உப்புன்னு அன்னிக்கே நினைச்சேன்!"