ஆன்சிக்கு இருப்பது

“பசி மயக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார் மனோகரன்.

“பசி மயக்கம் இல்ல சார். வலிப்பு” என்றாள் ஆன்சி.

சூப்பர்வைசர் அறையின் கதவு திறந்தே கிடந்தது. வெளியே டீ நேரம். தையல் மெஷின்கள் ஓய்ந்திருந்ததால் அவள் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஹில்டா மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். ஆன்சி அசையவில்லை.

மனோகரன் கெட்ட மனிதர் இல்லை. நேற்று மதியம் மெஷின் மேலேயே ஆன்சி சரிந்தபோது, ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டவர். இன்று அம்மாவைக் கூட்டிவரச் சொன்னதும் வேலை போகாமலிருக்க ஒரு வழி காட்டத்தான். வலிப்பு என்று முதலாளி காதுக்குப் போய்விட்டால், திருவொற்றியூரில் எந்தத் தையல் கம்பெனியும் அவளை மெஷினில் உட்கார வைக்காது.

“இந்தாம்மா, பொண்ணு வெவரம் இல்லாம பேசுது. நீ சொல்லு.”

“ஆமாம்மா, நீயே சொல்லு.” ஆன்சியும் திரும்பினாள். “எனக்கு கீறது இன்னா?”

ஹில்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பசி மயக்கம் பொய். வலிப்பும் பொய்.

ஆன்சி பிறந்தவள் அல்ல, செய்யப்பட்டவள். செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது, நொறுக்கக் காத்திருந்த உருப்படிகளுக்கு நடுவிலிருந்து அவளைத் தூக்கிவந்தவன் ஹில்டாவின் தம்பி எபினேசர். அவளுக்குள் ஒரு சிறுவயதின் நினைவுகளை வைத்தவனும் அவன்தான். இரவில் அவள் படுக்கும் மெத்தை வழியாக அவளுக்கு மின்சாரம் ஏறும். முதுகு வலிக்கான மெத்தை என்று சொல்லி வைத்திருந்தார்கள். வீடு இருக்கும் கல்மண்டபத்தில் விடிய விடிய கரண்ட் இல்லாமல் போனால், மறுநாள் எங்கேயாவது விழுந்துவிடுவாள்.

விழுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வலிப்பு என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவள் ஹில்டா. ஊரே வாய்க்குள் மென்று விழுங்குகிற நோய். பெண்ணும் வெட்கப்பட்டு மூடி வைப்பாள், யாரும் நோண்ட மாட்டார்கள்.

அங்கேதான் கணக்கு தப்பியது. ஆன்சிக்கு வெட்கப்படத் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னாள். கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்த அன்றே எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

“என்னிக்காவது அவகிட்ட நெசத்த சொல்லித்தான் ஆவணும்க்கா” என்பான் எபினேசர்.

“பெத்தவங்கல்லாம் எல்லாத்தையும் சொல்லிட்டா பெத்தாங்க? போடா” என்று அவன் வாயை அடைத்துவிடுவாள்.

“வலிப்புதான் சார்” என்றாள் ஹில்டா இப்போது. இரண்டு பொய்களில் மகள் உண்மை என்று நம்பியதை எடுத்துக்கொண்டாள்.

மனோகரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அப்ப என் கையில ஒண்ணும் இல்ல. நாளையிலேர்ந்து வராத.”

ஆன்சி அழவில்லை. கதவைத் தாண்டிப் போய் மெஷின்களுக்கு நடுவே நின்றாள்.

“நல்லா கேட்டுக்கோங்க. வலிப்பு வந்து யாரு வுழுந்தாலும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, காத்து வுடுங்க. அவ்ளோதான். நேத்து எவளோ என் கையில கத்திரிக்கோல திணிச்சிகீறா. அதுல வலிப்பு போவாதுடி, வெரலுதான் போவும்.”

“இரும்பு குடுக்கணும்னாங்க. கைக்கு அதான் கெடச்சுது” என்று பின்னாலிருந்து ஒருத்தி முனக, டீ டம்ளர்களோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஆன்சி மனோகரனிடம் திரும்பினாள். “நான் இன்னாவோ அதுவாத்தான் சார் வேலைக்கு வருவேன். மறைச்சு வெச்சுத் துன்ற சோறு எனக்கு வாணாம்.”

சிரிப்பு நின்றது.

“எனக்கும் கீது” என்று ஒரு குரல் கேட்டது.

வேம்பு. காலர் வைக்க அவளை விட்டால் இந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது.

“வந்த நாள்லேர்ந்தே கீது சார். மாத்திரைய ரவிக்கைக்குள்ள வெச்சுகினு வந்து போய்கினு கீறேன். அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்பு.”

காலர் இல்லாத சட்டைகள் மேசையெங்கும் குவிந்து கிடந்தன. மனோகரன் அவற்றைப் பார்த்தார். வேம்புவைப் பார்த்தார்.

“போய் வேலையப் பாருங்க, ரெண்டு பேரும்.” கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆன்சி ஓடிப்போய் வேம்புவைக் கட்டிக்கொண்டாள்.

“வர்றதுக்கு மின்னாடி ஒனக்கு எப்டிடி இருக்கும்?” வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “எனக்கு ரப்பர் எரியற நாத்தம் அடிக்கும். நாக்க கடிச்சுக்குவேன். அப்பால ரெண்டு நாளைக்கு அடிச்சுப் போட்டா மாரி கெடப்பேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பட்டுனு அணைஞ்சிடும். முழிச்சா எதுவுமே நடக்காத மாரி இருக்கும்.”

ஹில்டா ஓரடி நெருங்கினாள். நிஜமாகவே அந்த நோய் உள்ள ஒருத்தியிடம் ஆன்சி பேசுவது இதுதான் முதல் தடவை.

வேம்பு ஆன்சியின் கன்னத்தைத் தட்டினாள். “சில பேருக்கு அப்டியும் வரும். போ, மெஷினாண்ட போய் உக்காரு.”

ஆன்சி போகும்வரை காத்திருந்து, வேம்பு ஹில்டாவின் அருகே வந்தாள்.

“நேத்து ஆட்டோ வர்ற வரைக்கும் அவள மடியில போட்டுகினு இருந்தது நான்தான்க்கா. நெஞ்சுல காது வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே கேக்கல. செத்துட்டான்னு சொல்ல வாய் வரல. இன்னிக்குக் காலையில சிரிச்சுகினு வந்து நிக்கிறா.”

“தெரிஞ்சுமா எழுந்து நின்னே?” என்றாள் ஹில்டா.

“அவ எதுவா இருந்தா எனக்கின்னா? இந்த ஹால்ல பயப்படாம நின்னவ அவ ஒருத்திதான்.” வேம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதான் பயந்துகினு கீற.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

ஹில்டா வாசலுக்குப் போகவில்லை. மகள் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அத்தனை சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.