வாசற்படியில் உப்பு

எட்டாவது நாளாக வாசற்படியில் உப்பு கிடந்ததைப் பார்த்ததும் அடைக்கலமேரிக்கு ரத்தம் கொதித்தது.

"செய்வினையேதான்! வேற யாரு, அந்த முனியாயிதான்!"

பக்கத்து வீட்டு முனியாயியோடு வேலித் தகராறில் பேச்சு நின்று ஒரு வருசம் ஆகிறது. இப்போது மகள் பெரியநாயகத்துக்குப் பத்து நாளாக விடாத காய்ச்சல். டாக்டர் கொடுத்த பாட்டில் மருந்துக்கும் இறங்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தால் பெற்றவளுக்கு எதைத்தான் நம்பத் தோன்றாது?

இந்த ஏழு நாளும் அவள் சும்மா இருந்துவிடவில்லை. உப்பை விளக்குமாற்றால் கூட்டி, முனியாயி வாசலில் தள்ளி, "போ சாத்தானே!" என்று தீர்த்தமும் தெளித்துவிட்டுத்தான் வந்தாள். சாத்தான் அசைவதாயில்லை. மறுநாளே உப்பு திரும்பி வந்தது.

இன்று உப்பை ஓர் இலையில் அள்ளிக்கொண்டாள். புருசன் சவரியப்பனைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு ஆவூர் கோயிலுக்கு ஓடினாள். லத்தீன் பூசை முடித்து வெளியே வந்த சாமியாரை வழிமறித்தாள்.

"சாமி, வேதத்துல சேராத அந்த அஞ்ஞானி முனியாயி கையும் காலும் வெளங்காமப் போற மாதிரி ஒரு செபம் சொல்லுங்க!"

"பிசாசை வெரட்டத்தான் செபம் இருக்கு அடைக்கலம். பக்கத்து வீட்டுக்காரிய வெரட்ட இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான் சாமி!"

சாமியார் இலையைப் பிரித்தார். ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ! துப்புங்க சாமி!"

"நல்ல உப்பு" என்று சப்புக்கொட்டினார் அவர். "ஒன் சண்டை பிசாசோடதானே? அப்ப அவனுக்குப் பிடிக்காததைச் செய்யி. முனியாயி பேரைச் சொல்லி, அவ நல்லா இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்க. அப்புறம் உப்பைப் பத்திச் சொல்றேன்."

அடைக்கலமேரிக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் சாமியார் சொல்லைத் தட்ட முடியுமா? பிள்ளை முகம் வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது. கோயிலுக்குள் போய்த் தூணோரம் முழங்காலிட்டாள்.

செபத்தில் சேசு பேர் வந்தது, மாதா பேர் வந்தது. முனியாயி பேர் மட்டும் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது.

"முனியாயி... அவளும்... நல்லா இருக்கட்டும்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். ஏனோ அழுகை வந்தது. மனசும் கொஞ்சம் லேசானது.

அப்போது கோயில் வாசலில் ஒரு குரல். அந்தக் குரலேதான்!

"சாமி! பெரியநாயகம் எந்திரிச்சு உக்காந்துருச்சு! காய்ச்சல் விட்டு நல்லா வேர்த்துருச்சாம். அவுக அப்பா கையால கஞ்சி குடிக்கிறத வேலி வழியாப் பாத்துட்டு ஓடியாறேன்."

முனியாயிக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி.

"இத எங்கிட்டு ஏத்தணும் சாமி?"

தூணுக்குப் பின்னால் அடைக்கலமேரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளை பிழைத்துவிட்டது! அங்கேயே தரையில் நெற்றி பதித்து மாதாவைக் கும்பிட்டாள்.

"நீங்க மந்திரிச்சுக் குடுத்த உப்புதான் காப்பாத்துச்சு" என்றாள் முனியாயி. "தினமும் அவ வாசல்ல போடுவேன். கோழி கெளறுதோ என்னமோ, எங்க வாசலுக்கே வந்துரும். கோயில் உப்பு காலுல மிதிபடலாமா? அள்ளிக்கிட்டுப் போயி மறுபடியும் போட்டுருவேன்."

சாமியார் தூண் பக்கம் ஒருதரம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"அது சரி முனியாயி, ஒங்க சாமி துன்னூறையே குடுத்திருக்கலாமே?"

"எங்க சாமிகிட்டயும் வேண்டிக்கிட்டேன். ஆனா துன்னூறு குடுத்தா அடைக்கலம் வாங்குவாளா? அதான், அவ சாமிகிட்டயே வந்து கேட்டேன்."