இளமாறனின் ஒப்புதல்

இறந்துபோனவர் எழுதிய நிரலைத் திருத்தினாலும், அலுவலகத்தின் புதிய மென்பொருள் அவரிடமே ஒப்புதல் கேட்கும். அவருடைய பழைய செய்திகளைப் படித்துப் பழகியிருப்பதால், பதிலும் அவர் பாணியிலேயே வரும்.

இறந்துபோன இளமாறன் எழுதிய கடைசி நிரலைத் திருத்தும் வேலை, அதே அலுவலகத்தில் இருந்த அவன் மனைவி தேன்மொழிக்கு வந்தது. அவன் ஒப்புக்கொண்டதும் மென்பொருளில் அவன் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் மூன்று வாரமாகத் தினமும் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டாள்.

"தேனு, தூங்கிட்டே டைப் பண்ணியா? பதினேழாவது வரியைப் பாரு" என்று திருப்பி அனுப்புவான்.

"இன்னிக்காவது முடிச்சிடும்மா" என்று குழுத் தலைவி பிரிசில்லா அவள் தோளைத் தொட்டாள்.

தேன்மொழி பிழையே இல்லாமல் அனுப்பிவிட்டு அழுதாள். சரியான வேலையை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

பதில் வந்தது.

"தப்பு ஒண்ணும் இல்ல, தேனு. ஆனா ஒப்புதல் தரமாட்டேன். நாளைக்கும் வா."