கையில் ஒரு சிவப்பு வளையம்

வெண்டலின் இடது முன்கையில் காசளவுக்கு ஒரு சிவப்பு வளையம். ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, படர்தாமரை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அந்தக் கையை உடம்பில் உரசாமல் தள்ளிப் பிடித்தபடி, அரைக்கால் சட்டையோடு அவன் வரிசையில் நின்றான்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மல்யுத்த விரிப்பில் கால் வைக்கும் முன் டாக்டரிடம் தோலைக் காட்டியாக வேண்டும். கட்டிப் புரளும் ஆட்டத்தில் ஒருவன் தோலில் இருப்பது பத்துப் பேருக்கு ஒட்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களின் போட்டி என்பதற்காக அதில் சலுகை ஒன்றும் கிடையாது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், பள்ளி இறுதிப் போட்டியில், கோர்டி தீஸன் பதினெட்டே நொடியில் வெண்டலைச் சாய்த்தவன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல வழியில்லை, ஊரே பார்த்தது. இன்று மறுபடியும் அதே கோர்டியோடு மோதல். வெண்டலின் மனைவி டார்லாவும், அவன் வேலை பார்க்கும் தீவனக் கடை ஆட்களும் மேலே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பின்னால் நின்ற நண்பன் கர்ட் வளையத்தைப் பார்த்துவிட்டான்.

"டேய், அந்தக் கைய மறைடா. டாக்டரம்மா பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பினா என்ன பண்றது, தலையெழுத்து" என்றான் வெண்டல்.

முன்னால் நின்றவரின் கழுத்தில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் கொத்தாக இருந்தன. டாக்டர் மார்லிஸ் தலையை ஆட்டி அவரை ஒதுக்கிவிட்டார். வரிசை முழுக்க அவருக்காக உச்சுக் கொட்டியது, ஆனால் ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. அவர் போவதையே வெண்டல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடத்தில் புழுக்கம் தாங்கவில்லை. வியர்வை மட்டும் வந்துவிடக் கூடாது என்று வளையத்தின் மேல் வாயால் ஊதிக்கொண்டான். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தான்.

அவன் முறை வந்தது. சின்ன வயதில் அவனுக்கு ஊசி போட்ட அதே மார்லிஸ். டார்ச்சை அடித்து, எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு நாளாக என்றான். அரிக்கிறதா என்றார். ரொம்ப என்றான்.

டாக்டர் வளையத்தின் ஓரத்தை உறையணிந்த விரலால் தடவினார். மேடும் இல்லை, செதிலும் இல்லை.

"உன்னை அரை மணி நேரமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், வெண்டல். ஒரு தடவைகூட நீ சொறியல."

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சு சிவந்தது. கையில் ஒன்றுமே இல்லை.

டார்லாவின் லிப்ஸ்டிக் என்று அவனே முணுமுணுத்தான். பயந்து விலகினான் என்று பெயர் வாங்கினால் இந்த ஊரில் பெட்ரோல் போடக்கூடத் தலை நிமிர்ந்து போக முடியாது. டாக்டரே நிறுத்திவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"இன்னொரு தடவை அந்தப் பதினெட்டு நொடிய என்னால தாங்க முடியாது, டாக்டர்." அவன் கண் கலங்கியே விட்டது.

மார்லிஸ் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தைரியமா போ. கோர்டி பூசிட்டு வந்ததையும் நீ வர்றதுக்கு முன்னாடிதான் துடைச்சு அனுப்பினேன்."