பாட்டில் சொன்ன செய்தி

குடிப்பவரின் உடம்பை அறிந்து பாட்டிலே எச்சரிக்க வேண்டும் என்பது சட்டம். கோவில்பட்டி பேருந்து நிலையக் கடையில் இசக்கியம்மாள் கலர் பாட்டிலை எடுத்ததும் அது உரக்கச் சொன்னது: "சர்க்கரை அதிகம். கர்ப்பிணியான நீங்கள் தவிர்க்கவும்."

கல்யாணமாகாத தங்கையை, கூட வந்திருந்த அண்ணன் மாடசாமி வெறித்துப் பார்த்தான். "எவன்டி அவன்?" என்று கூந்தலைப் பிடித்துத் தரையில் தள்ளி, வயிற்றை மிதிக்கக் காலைத் தூக்கினான்.

இசக்கியம்மாள் பாட்டிலால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி நொறுங்க, அவன் அலறிக்கொண்டு விழுந்தான்.

"இது எம்புள்ள. அப்பன் பேரு ஒனக்கு வேண்டாம்ணே" என்றாள்.

உடைந்த பாட்டிலோடு, புறப்பட்டுக்கொண்டிருந்த மதுரை பஸ்ஸில் ஏறினாள். கையில் ரத்தம் வழிந்தது. ஜன்னலோரம் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.