இரண்டாவது முடிச்சு

மூன்று நாள் மழை ஓய்ந்து, செட்டிகுளத்துக் காட்டில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. செங்கமலை வெங்காயப் பட்டறையின் தார்ப்பாயை மேலிருந்து விலக்குகிறார். கொதிக்கும் உலையின் மூடியைத் திறந்ததுபோல உள்ளே அடைந்து கிடந்த சூடு முகத்தில் அறைகிறது. பின்னாலேயே அழுகல் நாற்றம். அறுத்த வெங்காயத்தைச் சேர்த்துவைக்க, அடியில் கல் அடுக்கி மூங்கில் பரப்பி, சுற்றிலும் படல் கட்டிய பட்டறை அது. கல்லிடுக்கில் நுழையும் குளிர்ந்த காற்று வெங்காயத்தின் சூட்டை ஏந்திக்கொண்டு மேலே போய்விடும். அந்த இடுக்கைத்தான் சாரலுக்குப் பயந்து தார்ப்பாயால் தரையோடு தரையாக மூடிக் கட்டினார். "அடியில கொஞ்சம் தெறந்து வுடுங்க, வெந்துபோயிடும்" என்ற மனைவி பூவாயியை, வேலைக்கு வந்த பெண்களுக்கு முன்னால், "ஒனக்கு என்னாடி தெரியும்?" என்று வாயடைத்தார். இப்போது அவள் முறத்தோடு உட்கார்ந்து நல்ல வெங்காயத்தைப் பொறுக்குகிறாள். விரலெல்லாம் கொழகொழவென்று தோல். முறத்தின் அடிகூட இன்னும் மறையவில்லை. திட்டினாலாவது தேவலை என்றிருக்கிறது அவருக்கு. தார்ப்பாயின் கீழ்முனைக்கு வந்ததும் அவர் கை நிற்கிறது. முந்தாநாள் காலையில் இந்த முனை அவிழ்ந்து கிடந்தது. காற்றை வைதுகொண்டே இழுத்து, ஒன்றுக்கு இரண்டாக முடிச்சுப் போட்டவர் அவர்தான். "காத்து அவுத்துவுட்டப்பவே அப்படியே வுட்டிருக்கலாம் புள்ள." பூவாயி தலை நிமிரவில்லை. "காத்து எங்கங்க அவுத்துச்சு," என்கிறாள், "நான்தான்."